கவுத்துப் போட்ட அன்னக்கூடை

கழுவி விட்ட சிமெண்ட் தரை... மத்தியான வெயில்லகூட சில்லுன்னு இருக்கும். உக்காந்து எந்திரிச்சா பாவாடையில ஈரமும் நாலஞ்சு மீன் செதிலும் ஒட்டிக்கிட்டு வரும்.

எங்க ஊரு ஏலக் கொட்டகையைத்தான் சொல்றேன். காரைக்கால் கடலோரத்துல பொறந்தவங்களுக்கு இந்த மாதிரி ஒரு தரை ஞாபகத்துல இருக்கும். காலையில போட்டெல்லாம் கரைக்கு வந்து, மீன் ஏலம் போனதும் கூட்டம் கலைஞ்சிடும். அப்பறம் அங்க இருக்கிறது சீட்டு ஆடுறவங்களும் ரெண்டு நாயும்தான்.

நான் பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்டுல அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டிருந்த சமயம். பக்கத்து வீட்டு செல்வியக்கா தலைச்சுமையா மீன் விக்கிறவங்க. கோட்டுச்சேரி தெருவுல அக்கா குரல் கேட்டா பூனையெல்லாம் வாசலுக்கு வந்துடும்! முட்டி தேஞ்சு போச்சு, இனிமே சுமை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா வீட்டுல சம்பாதிக்க வேற ஆளு இல்ல.

அக்காதான் ஆரம்பிச்சு வச்சுது. கிழிஞ்சு ஓரமா கெடந்த பழைய வலையையும் கயித்தையும் சோப்புத் தண்ணியில ஊற வச்சு, கழுவி, காய வச்சு, தூளி பின்னுச்சு. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுப்பாங்களே... ஹேமக்... அதேதான். வலை பின்னத் தெரிஞ்ச கைக்கு அது பெரிய விஷயமே இல்ல. தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா சேர்ந்து ஒரு குழு ஆச்சு. போன்ல பேசுறது, போட்டோ அனுப்புறது எல்லாம் என் வேலை. பாண்டிச்சேரி கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணுலேர்ந்து மொத ஆர்டர் வந்தப்ப அக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுருச்சு.

ஆனா எடம்?

தூளியை முழுசா இழுத்துக் கட்டிப் பார்த்தாத்தான் எந்தக் கயிறு தொய்யுது, எது விறைப்பா நிக்குதுன்னு தெரியும். எங்க வீட்டுல இழுத்துக் கட்டுனா ஒரு முனை அடுப்பாங்கரையில, இன்னொரு முனை தெருவுல! வெளியில கட்டலாம்னா ஐப்பசி மழை வரப் போவுது. ஏலக் கொட்டகைத் தூணுதான் சரியா இருந்துச்சு. மத்தியானம் போயி உக்காந்தோம்.

நாலு நாள் பொறுத்தாங்க. அப்பறம் ஊர்த் தலைவரே வந்துட்டாரு. எனக்குப் பெரியப்பா முறை.

"பொம்பளைங்க இனிமே இங்க உக்காரக் கூடாதும்மா. ஆம்பளைங்க வந்து போற எடம்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "காலையில நாங்க மீன் எடுக்க வரும்போதும் ஆம்பளைங்க வந்து போற எடந்தான பெரியப்பா?"

"அது யாவாரம். நின்னு எடுத்துட்டுப் போயிடுறீங்க. இது உக்காந்து கதை பேசுறது."

"இதுவும் யாவாரந்தான்."

"எதுத்துப் பேசாத. பஞ்சாயத்துல முடிவு பண்ணியாச்சு."

அந்தப் பஞ்சாயத்துல ஒரு பொம்பளை கெடையாது. பாதி பின்னுன தூளியை அவுத்து வெளிய மணல்ல வச்சுட்டாங்க. இப்ப நெனைச்சாலும் பத்திக்கிட்டு வருது. ஆர்டர் போச்சுன்னா செல்வியக்கா மறுபடியும் கூடையைத் தலையில தூக்கணும்... அந்த முட்டியோட.

அக்கா அழல. சாயங்காலம் நொண்டிக்கிட்டே மீன் விக்கிற பொம்பளைங்க வீடு வீடாப் போயிட்டு வந்துச்சு.

மறுநாள் காலையில கரை முழுக்க நெத்திலி. ஏலக்காரர் தொண்டை கிழியக் கூவுறாரு. சுத்தி நிக்கிற பொம்பளைங்க ஒருத்தியும் வாயத் தொறக்கல. வெலையக் குறைச்சுக் கூவுனாரு. அப்பவும் சத்தமில்ல. பெரிய மீனுக்குத்தான் கம்பெனி வண்டி வரும். பொடி மீன் எங்க பொம்பளைங்க எடுத்தாத்தான் தெருவுக்குப் போவும்.

செல்வியக்காவால ரொம்ப நேரம் நிக்க முடியல. மீன் சுமந்த பழைய அலுமினிய அன்னக்கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துருச்சு. அது யாரும் பேசி வச்சது இல்ல, சத்தியமா. அதப் பார்த்துட்டு பக்கத்துல இருந்தவங்க கவுத்தாங்க. அடுத்தவங்க கவுத்தாங்க. டங்கு டங்குன்னு கொட்டகை முழுக்க ஒரே சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. தலைவர் பொஞ்சாதி, என் பெரியம்மா, அவங்களும் அவரைப் பார்த்துக்கிட்டே கவுத்துப் போட்டு உக்காந்தாங்க!

வெயில் ஏறுது. போட்டுக்காரங்க தலைவரைப் புடிச்சுக்கிட்டாங்க. "மீன் கெட்டுச்சுன்னா நீங்க வாங்கிக்கிறீங்களா?"

அவரு எங்களைப் பார்க்காம கடலைப் பார்த்துச் சொன்னாரு. "ஏலம் முடிஞ்சா உக்காந்துக்குங்க. போறப்ப தரையக் கழுவி விட்டுட்டுப் போவணும்."

"எங்க நூலு, கயித்தை நாங்க கூட்டி அள்ளிக்கிறோம். மீன் கழுவுன தரைய நீங்கதான் கழுவணும்"னு அக்கா பட்டுன்னு சொல்லுச்சு. அதுக்கப்பறம்தான் எந்திரிச்சுது.

மழைக்கு முன்னாடி ஆர்டரை முடிச்சு அனுப்பிட்டோம். அக்கா அதுக்கப்பறம் கூடை தூக்கல. கூரை வீட்டைத் தளம் போட்ட வீடா மாத்துச்சு. மகளை நர்சிங் படிக்க வச்சுது.

இப்ப எங்க குழுவுக்கு சொந்தமா ஷெட் இருக்கு. ஃபேன், கொக்கி, எல்லாம் இருக்கு. கூரியர்காரர் வாசல்ல வந்து எடுத்துட்டுப் போறாரு. சௌகரியந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா புதுசா வந்த புள்ளைங்க காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் பின்னுதுங்க... அந்த ஈரத் தரையில உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணி சிரிச்ச சிரிப்பு இப்ப இல்ல. எனக்கு அது வேணும்.

அதனாலயும், அன்னிக்குக் கெடைச்ச எடம் கையை விட்டுப் போயிடக் கூடாதுன்னும் வாரத்துல ஒரு நாள் பழைய ஆளுங்க கொட்டகையிலதான் பின்னுவோம்.

போன வாரம் புதுத் தலைவர் வந்தாரு. சின்னப் பையன், செல்வியக்காகிட்ட மரியாதையாத்தான் பேசுனாரு. "அத்தை, உங்களுக்குத்தான் சொந்த எடம் வந்துருச்சுல்ல... இனிமே கொட்டகையை விட்டுக் குடுத்துடலாமே?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். செல்வியக்கா என் கையை அமுக்குச்சு.

நைலான் நூல் போட்டு வச்சிருந்த அன்னக்கூடையைத் தன் பக்கம் இழுத்து, நூலையெல்லாம் என் மடியில கொட்டிட்டு, டங்குன்னு கவுத்துப் போட்டு உக்காந்துச்சு.