பறக்கும் காட்சிக்கு முன் நாவூறு கழித்தது

என் பேத்தி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கீழே தீ எதுவும் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

பழைய ஹாலிவுட் படமொன்றை மேடைக்கென மாற்றிய இசை நாடகம் அது. மாணவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் நாயகி கூரைகளுக்கு மேலே போவாள். சினிமாதானே, பயம் தோன்றவில்லை. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், ஹொல்ம்லியா என்ற பகுதியின் இளைஞர்கள் போட்ட நாடகத்தில் நாயகி என் மகனின் மகள். இடுப்பில் வார் கட்டி, மெல்லிய கம்பிகளில் அவளை மேடையின் உச்சிக்கு இழுப்பார்கள்.

இடைவேளையில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "அண்ணை, உங்கட பேத்தியே அது? என்ன வடிவு! கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தனான்."

புகழும் நாவால் வரும் கேட்டை நாங்கள் நாவூறு என்போம். நான் கணிதம் கற்பித்தவன். ஆனாலும் அதைக் கழிக்கவெனச் செத்தல் மிளகாயும் உப்பும் கற்பூரமும் என் கோட்டுப் பையில் இருந்தன. வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் போனேன். "ஒருக்கா நில், பிள்ளை. தலையைச் சுத்திப் போடுறன்."

"உங்களுக்கென்ன விசரே, அப்பப்பா?" என்று சிரித்தாள். "இஞ்சை நெருப்புப் பத்த வைச்சால் நெருப்பு அலாரம் அடிக்கும். என்னை இழுக்கிற மெஷின் நிண்டிடும். பிறகு நான் மேலை வௌவால்தான்." தன் சால்வையை என்னிடம் தந்துவிட்டு ஓடினாள்.

அதாவது, தெரிந்தேதான் செய்தேன்.

கடைசிக் காட்சி தொடங்கும் நேரம் கழிப்பறைக்குள் போய், அவள் தலைக்குப் பதிலாகச் சால்வையை மிளகாயால் சுற்றி, தகர மூடியொன்றில் எரித்தேன். நாவூறு இல்லையென்றால் புகை கமறும். இருந்தால் மணமே வராது என்பார்கள். மணம் வரவில்லை. கூரையிலிருந்த காற்றாடி புகையை இழுத்துக்கொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை. பொல்லாத கண் பட்டுவிட்டது என்று எண்ணி, மிச்ச மிளகாயையும் போட்டேன்.

அலாரம் அலறியது. எரிந்ததையெல்லாம் கழிப்பறைக் கோப்பையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு மேடையோரம் ஓடினேன். சனம் வெளியே முண்டியடித்துக்கொண்டிருந்தது. இழுக்கும் இயந்திரம் பூட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும் ஓடாமல் நின்று, கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பப்பா! நெருப்பு எங்கை? கிட்ட வந்திட்டுதே?"

மேலே பார்த்தேன். கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன. நெருப்பில்லை, பிள்ளை, அது நான்தான் என்று தமிழில் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக்கூட விளங்கியிராது. என்னைப் பிடித்துவிடுவார்களே என்ற பயம்.

"ஏன் நிக்கிறியள்? ஓடுங்கோ, அப்பப்பா, ஓடுங்கோ!"

ஒருவாறு இறக்கினார்கள். தீயணைப்புக்காரர் தேடிவிட்டு, மேடைப் புகை இயந்திரமாக இருக்கலாம் என்று சொல்லிப் போனார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவள் இனிப் பறக்கமாட்டேன் என்றாள். அன்றைய காட்சிக்குள் மனம் மாறாவிட்டால் அவளுடைய பாத்திரம் இன்னொருத்திக்குப் போய்விடும். பக்கத்துப் பகுதியான மோர்டென்ஸ்ருட்டில் மகன் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள் சுருண்டிருந்தாள். "கண்ணை மூடினால் கீழை எரியுது, அப்பப்பா."

சொன்னேன். சால்வை, மிளகாய், காற்றாடி, எல்லாவற்றையும்.

போர்வையை விலக்கினாள். "நான் கத்தேக்கையும் உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம்."

எழுந்து முகம் கழுவிவிட்டுக் குழுவினருக்கு அழைத்தாள். தான் வருவதாகச் சொன்னாள். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "மெஷின்கார அக்கா கதைக்கிறா. அவவுக்கும் சொல்லுங்கோ." அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். சொன்னதற்கு நன்றி என்றாள்.

"வெளிக்கிடட்டே, பிள்ளை? நானும் வரட்டே?"

"வேண்டாம். நீங்கள் கீழை நிண்டால் எனக்குப் பயமாயிருக்கும்."

என்றாலும் போனேன். மண்டபத்துக்கு வெளியே, சுவரோரம் நின்றேன். உள்ளே அந்தக் கடைசிப் பாட்டு தொடங்கியது. வெறும் கைகளைக் கோட்டுப் பைக்குள் இறுக்கிக்கொண்டு, கைதட்டல் கேட்கும்வரை மூச்சுவிடப் பயந்து நின்றேன்.