நாலு இடத்திலும் ஒரே நம்பர்

மச்சாளை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதெல்லாம் அவளைப் பற்றிய குறையாகத்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் பிடித்து, புதன்கிழமைகளில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். மனைவி இறந்து தனியாக இருந்தவர். இரண்டு வருடம் நான் ஒருத்திதான் போனேன். முழங்கால் நோகத் தொடங்கியதும், மேல்மாடியைப் பார்க்கட்டும் என்று என் கணவரின் தங்கையைச் சேர்த்துக்கொண்டேன்.

முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் பழைய றிவோல்வர்கள் பதினைந்து இருபது இருக்கும். முதல் நாள் கண்டதும் துணியோடு வாசல்வரை பின்வாங்கினேன். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த ஆள் நான். அவர் ஒரு கடதாசியில் வட்டத்துக்குள் வட்டம் கீறி, இதைக் குறிபார்த்துச் சுடச் செய்தவை, ஆட்களைச் சுட அல்ல என்று கைச்சாடையால் விளங்கப்படுத்தினார். பயம் போய்விட்டது. இரண்டு வருடம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு நாளும் அவர் எனக்கு அலுமாரியைத் திறந்து காட்டவில்லை.

மச்சாள் வந்த மூன்றாம் புதனே அலுமாரி திறந்தது.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் இது என்ன வகை, எந்தக் காலத்தது என்று ஒரு அட்டை எழுதி வைக்க ஆசைப்பட்டார். பொடி எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். மச்சாளுக்கு இங்கிலீஷ் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கேட்டால் பாதி விளங்கும், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். அவள் மேசையடிக் கதிரையில் பூதக்கண்ணாடியோடு இருந்தாள். நான் தூசித் துணியோடு நின்றேன்.

"மச்சாள், கொஞ்சம் தண்ணி கொண்டு வாறியளே? சேருக்கும் எனக்கும்." அவளும் என்னை மச்சாள் என்றும் கிழவரைச் சேர் என்றும்தான் கூப்பிடுவாள்.

"இருந்து இருந்து உமக்குக் களைச்சுப்போச்சோ?"

"இது மூளைக்கு வேலை, மச்சாள். உங்களுக்கு விளங்காது."

விளங்காமல் என்ன? ஒரே மேசைவிளக்கை நாலு தரம் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் மச்சாள் குழலின் மேல் வெட்டியிருந்த திகதியை வாசித்து, இதுதான் செய்த வருசம் என்றாள். கிழவர் சிரித்துவிட்டார். அது அந்த அமைப்பை வேறு யாரும் செய்யாதபடி பேட்டன்ட் உரிமை எடுத்த நாளாம்; துவக்கு அதற்குப் பல வருசம் பிந்தியும் செய்யப்பட்டிருக்கலாமாம். அன்று பின்னேரம் வரைக்கும் என் மனம் குளிர்ந்திருந்தது.

அப்படிப் பார்த்து நான் படித்தவை இவை. குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை, அதாவது பின்குறியை, சின்னத் திருகாணியால் இடம் வலம் அசைக்கலாம் என்றால் அது போட்டிக்குச் செய்தது. பிறகு நம்பர். பிடியின் அடியில், சன்னம் போடும் உருளையின் பின்பக்கத்தில், குழலின் கீழே, பிடிப் பலகையைக் கழற்றினால் அதன் உள்பக்கத்தில் பென்சிலால். நாலு இடத்திலும் ஒரே நம்பர் இருந்தால் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மாறினாலும் யாரோ இரண்டு துவக்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறான்.

அவர் கடைசியாக வாங்கியதை ஒரு பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நீளக் குழல், மெல்லிய முன்குறி. சனிக்கிழமை அதைப் பார்க்க வேறொரு சேகரிப்பாளர் வர இருந்தார். அதற்கு முந்திய புதன் அதை மேசையில் வைத்தார்கள். மச்சாள் பிடியின் நம்பரை வாசித்தாள், அவர் எழுதினார். பலகையிலும் குழலிலும் அதே நம்பர். உருளையில் இலக்கம் தேய்ந்து கிடந்தது. தன் மகளின் படிப்பைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டே அதை இரண்டு தரம் சரித்துப் பார்த்துவிட்டு, "சேம்" என்றாள். கிழவரின் முகம் மலர்ந்தது.

மச்சாள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். கிழவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் கைப்பையில் கோயில் திருநீறு எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து, உருளையின் பின்பக்கத்தில் தேய்த்து, விரலால் வழித்தேன். பள்ளத்தில் வெள்ளையாக இலக்கங்கள் எழும்பின. மற்ற இடங்களில் மூன்று இருந்த இடத்தில் இங்கே எட்டு.

பேசாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லவேண்டும் என்ற எண்ணத்தில் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்போது என் கண் மச்சாள் இருந்த அந்தக் கதிரையில்தான் இருந்தது.

"சேர்," என்றேன். "நோ சேம்."

அத்தனை காலத்தில் அவரிடம் நான் பேசிய ஆக நீளமான பேச்சு அது. அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். மச்சாள் கோப்பைகளோடு வந்தாள்.

"என்ன மச்சாள், உதைத் தொட்டுப்போட்டியளே?"

"நீர் வடிவாப் பார்த்தனீரோ? அது எட்டு. மூண்டு இல்லை."

"பார்த்தனான்தானே..." குனிந்து பார்த்தாள். "அதென்ன வெள்ளையா? திருநீறோ? ஐயோ, துவக்குக்கும் பூசிப்போட்டியளே! இனி ஒரு பொட்டும் வையுங்கோ!"

கிழவர் சிரிக்கவில்லை. அட்டையில் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினார். சேகரிப்பாளருக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை வரவேண்டாம் என்று சொன்னார். துவக்கைப் பட்டுத் துணி இல்லாமலே மேசையின் கீழ் இழுப்பு லாச்சிக்குள் வைத்து மூடினார். பிறகு என்னைப் பார்த்து, கதிரையை இழுத்துக் காட்டினார்.

நான் இருந்தேன். தூசித் துணியை மச்சாளிடம் நீட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து இருந்தாள். பிறகு சொன்னாள்: "பாவம் அந்த மனுசன். சனிக்கிழமைக்குக் கேக் வாங்கி வைச்சிருக்கிறார், மச்சாள். என்னட்டைக் காட்டினவர்."

கேக் விசயம் எனக்குத் தெரியாது. அதையும் அவளுக்குத்தான் காட்டியிருக்கிறார். யன்னல் பக்கம் திரும்பி, அடுத்த புதன் நம்பர் வாசிக்கவென்று ஒன்றில் இருந்து ஒன்பது வரை இங்கிலீஷில் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன்.