பிசினுக்குப் படிகம் வந்த கதை

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பிசின் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொண்டால் ஒழிகிற பெயரா அது? அவள் எதைச் செய்தாலும் குடுவையின் அடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று வந்து நிற்கும். மற்றவர்கள் செய்த சேர்மமெல்லாம் வெள்ளை வெளேரென்று பொடியாக உதிரும்போது, அவளுடையது கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கரிம வேதியியலில் இதைவிட மானக்கேடு கிடையாது, குடுவை வெடிப்பதைத் தவிர.

மானக்கேடு மட்டுமென்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். நாலு வருஷமாக அவள் கட்டிய மூலக்கூறில் ஒரு வளையம், அந்த வளையத்தில் கை மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு அணுக்கூட்டம். கை மேலே நிற்கிறது என்பது அவள் கட்சி. கீழேதான் தொங்குகிறது என்பது பேராசிரியர் கட்சி. கீழே என்றால் அது யாரோ எப்போதோ செய்து முடித்த பழைய சரக்கு, நாலு வருஷமும் அம்போ. மேலே என்றால் உலகத்துக்கே புதுசு, முனைவர் பட்டமும் நிச்சயம். நல்ல படிகம் ஒன்று கிடைத்தால் எக்ஸ்-ரேயில் படமெடுத்து வழக்கைத் தீர்த்துவிடலாம். பிசினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உறை ஒட்டலாம்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரும்மா. அப்புறம் வேற வேலை ஆரம்பிச்சிடலாம்," என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். குரலே உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவள் நாட்காட்டியில் மாசக் கடைசியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. பனிக்கட்டிக்குள் வைத்தாள். கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறினாள். அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் நம்புவது, சமயத்தில் பலிப்பது. வேதியியல்காரர்களின் தாடியிலிருந்து உதிரும் தூசியில் படிகத்துக்கான விதை இருக்கும் என்று இன்னொரு பேச்சும் உண்டு. பக்கத்து மேசைக்காரனுக்கோ நெஞ்சு வரை தாடி.

"தாடி, இங்க வாடா. குனிஞ்சு ஒரு உதறு உதறு."

"முடி விழுந்தா?"

"விழட்டும். அதையும் சேர்த்துப் படமெடுத்துக்கறேன்."

அவனும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப பயபக்தியோடு உதறினான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் குடுவைக்குள் ஊசி ஊசியாக மின்னியது! அவள் போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர்கள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு ஊசியை எக்ஸ்-ரே கூடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். தையல் கடை வைத்திருக்கும் அம்மா, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துவிட்டாள். கேக் வந்தது. பிசின் முதல் துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்து எக்ஸ்-ரே கூடத்துக்காரர் கூப்பிட்டார்.

"படிகம் ரொம்ப அருமைம்மா. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா சோடியம் சல்ஃபேட்."

கரைசலில் இருந்த ஈரத்தை உறிஞ்ச அவளே அள்ளிப் போட்ட உப்பு அது. வடிதாளுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு உள்ளே வந்து படிகமாகியிருந்தது.

"உப்பாடி?" என்றாள் அம்மா போனில். "அதைத்தான் கடையிலயே விக்கிறாங்களே!"

மாசக் கடைசியும் வந்தது. புது வேலைக்காக மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அழுதுகொண்டே கழுவப் போனாள். தன் பிசினைக் கரைத்து ஊற்றி என்.எம்.ஆர். கருவியில் சோதித்துவிட்டு, அவள் கழுவாமல் சேர்த்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன; பென்சிலைவிட மெல்லிய குழாயை யார் உட்கார்ந்து கழுவுவது? எதையும் கரைத்துக் கழுவிவிடும் அசிட்டோன் புட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடி லேசாகத் திறந்திருந்த அந்தக் குழாயில், கரைப்பான் தன் பாட்டுக்கு மெல்ல மெல்ல ஆவியாகிப் போயிருந்தது. அடியில் சர்க்கரைத் துணுக்குகள் போலப் பளபளவென்று ஏதோ கிடந்தது.

"தாடி... என் கையில இருக்கிற புட்டியை முதல்ல வாங்கு. ஊத்தித் தொலைச்சிடுவேன்."

ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். கரையவில்லை. உப்பு இல்லை! தாடி குதித்த குதியில் அவன் செருப்பு மேசைக்கு அடியில் போனது. பிசின் குழாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எக்ஸ்-ரே கூடத்துக்கு நடக்க, அவன் ஒற்றைச் செருப்போடு முன்னால் ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்து, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்தினான். இந்தத் தடவை அவள் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் திரையில் மூலக்கூறு மெதுவாகச் சுழன்றது. பேராசிரியர் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"மேலதான்," என்றார்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நானே கீழன்னு சொல்லியும் நீ எப்படிம்மா இவ்வளவு உறுதியா இருந்தே?"

"உறுதியா எங்க சார் இருந்தேன்? கீழன்னு ஒத்துக்கிட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நானும் அப்படித்தாம்மா பட்டம் வாங்கினேன்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில் பேராசிரியர் சிரித்தார்.