டிஸ்க்குக்கு நல்லெண்ணெய்

செஞ்சியில் டிஸ்க் பிரேக்கில் முதன்முதலாகக் கை வைத்த ஆள் நான்தான், அதுவும் எட்டு வயதில். சரி, முதன்முதலாக என்பது பொய். கை வைத்தது நிஜம். அதற்கப்புறம் வண்டி நிற்கவில்லை என்பதும் நிஜம்.

சித்தப்பா வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய காரில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் டிரம்முக்குள் மூடிக்கிடக்கும். அதை விற்றுவிட்டு அவர் வாங்கிய காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க். தட்டு மாதிரி இரும்பு, வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். மிதித்தால் இரண்டு பேட் இருபுறமும் அதைக் கவ்விப் பிடிக்கும். மழையும் சேறும் படுகிற இடத்தில் பிரேக்கா என்று நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அந்தக் கார் மேல் முதல்நாளிலிருந்தே சந்தேகம். வீட்டில் நைனா சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஆயுதபூசை வந்தது. கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி என்று எந்த இரும்பானாலும் துடைத்து நல்லெண்ணெய் பூசிய பிறகுதான் எங்கள் வீட்டில் சந்தனப் பொட்டு. பூசுவது என் வேலை. படிப்பு ஏறாத பிள்ளையை வேறு எதை நம்பிச் செய்யச் சொல்வார்கள்? முதல்நாள் கழுவி நிறுத்திய காரின் டிஸ்க்கில் லேசாகத் துரு பூத்திருந்தது. நாலு முறை பிரேக் பிடித்தால் தானாகப் போய்விடும் துரு. அது எனக்கெங்கே தெரியும்? சக்கரத்து ஓட்டைகளில் விரலை விட்டு எட்டிய மட்டும் பூசினேன். பளபளவென்றாகிவிட்டது. பெருமையாக இருந்தது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரத் தட்டோடு நைனா எதிரே நின்றார். பழத்தை நசுக்கிவிட்டு நிற்க வேண்டிய கார், நைனாவைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. அவர் தட்டை வீசிவிட்டுத் தாவினார். கார் மாட்டுத்தொட்டியில் முட்டி நின்றது. ஒரு விளக்கு காலி.

"இன்னாடா வண்டி இது? நாளைக்கே குடுத்துட்டு பழசையே வாங்கினு வந்துடு!" என்று நைனா கத்தினார்.

ஓட்டி வந்த சித்தப்பா இறங்கி ஓடிவந்தார். குனிந்து டிஸ்க்கை விரலால் தொட்டார், முகர்ந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை எண்ணெய்.

"வண்டி மேல தப்பில்லண்ணா. பிரேக்குன்னு நெனச்சு கிளட்ச மிதிச்சிட்டேன்."

"பத்து வருசமா வண்டி ஓட்டறவன் பேசற பேச்சாடா இது?"

தெருவே சிரித்தது. கார் வீட்டில் தங்கியது. சித்தப்பாவுக்குக் 'கிளட்சு' என்ற பெயரும் தங்கியது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். இது பொய்யில்லை.

மறுநாள் அவர் டிஸ்க்கை நன்றாகத் துடைத்துவிட்டு, பேடுகளைக் கழற்றி வீசினார். இன்னும் தடிமனாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"எண்ணெ குடிச்சிடுச்சுடா. இனிமே புடிக்காது."

எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேடுகளை எடுத்து வைத்து விளையாடினேன். மனுசனுக்கு ஒன்றுமே தெரியவில்லை, தப்பித்துவிட்டோம் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வாடகைக் கார் தொழிலைத்தான் நானும் பார்க்கிறேன், அவரோடு. ஒருநாளாவது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று…

இருங்கள், கூப்பிடுகிறார்.

"டேய், சக்கரத்த கழட்டிட்டேன், பேடு மாத்தணும், வா. மொதல்ல சோப்பு போட்டு கைய கழுவிட்டு வாடா!"