பதினாலாம் தேதி சி ஷிஃப்ட்

இந்த வாரப் பத்தி கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கழுத்து இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. காரணம்... வானம்.

“மேல மேலன்னு பாக்குறீங்களே, ஃபேன்ல ஒட்டடை தொங்குது. அது மட்டும் உங்க கண்ணுல படாதா?” தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். தலையைக் குனிந்து ஒப்புக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கழுத்து வேண்டுமே!

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பெயர், ‘மேலே பாருங்க’. சென்னையை அடுத்த ஒரகடம் சுற்று வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற சிலர், கூடவே ஒரு டீச்சர். ஒருவரும் விஞ்ஞானி இல்லை. நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. நிலாவில் நம் லேண்டர் இறங்கிய அன்று, நாங்களே கியர் போட்டு இறக்கிய மாதிரி கேன்டீனில் லட்டு கொடுத்தோம். ராக்கெட் கிளம்புகிறது என்றால் மொட்டை மாடிக்கு ஓடுவோம். போன தடவை நான் பெருமையாக ஒரு ராக்கெட் போட்டோ போட்டேன். ஏகப்பட்ட கைதட்டல். ஒரு மணி நேரம் கழித்து கீதா மேடம் எழுதினார் – “சார், அது இன்னும் அங்கேயே நிக்குது.”

செல்போன் டவர். சிவப்பு லைட்.

கீதா மேடம் குன்றத்தூரில் பிசிக்ஸ் டீச்சர். எங்கள் குரூப்பில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

டிசம்பர் வந்தால் ஜெமினிட் எரிகல் மழை. அது என்ன என்று கேட்பவர்களுக்கு... ஒரகடம் ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் பைக்கில் போயிருக்கிறீர்களா? முகத்தில் தூசி அடிக்கும் இல்லையா? அதேதான். இங்கே பைக், நம் பூமி. என்றோ அந்த வழியாகப் போன ஒரு விண்கல் உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் வருஷா வருஷம் புகுந்து போகிறோம். தூசி எரிந்து வானத்தில் கோடு கிழிக்கிறது. ஹெல்மெட் தேவையில்லை.

நான்தான் அறிவிப்புப் போட்டேன். ‘பதினாலாம் தேதி, அதிகாலை மூன்று மணி. வல்லக்கோட்டை தாண்டி ஏரிக்கரை. பாய், போர்வை கொண்டு வரவும்.’

முதல் பதில் தனசேகரிடமிருந்து. “நானும் ரேவதியும் வரோம் சார். கன்ஃபார்ம்.”

தனா எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆபரேட்டர். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ரேவதி செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைன். இரண்டு பேருக்கும் வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ, இவனுக்குக் காலை ஏ ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மதியம் பி. இவன் வீடு திரும்பும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். ஒரகடம் ஜங்ஷனில் இவன் நின்று கை காட்டுவான். எல்லாக் கம்பெனி பஸ்ஸும் ஒரே வெள்ளை... ஒரு நாள் தப்பான பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டான். ஒரு பஸ் நிறையப் பெண்கள் பதிலுக்குக் கை காட்டினார்களாம். அந்தச் செய்தி இவன் வீடு போய்ச் சேருவதற்குள் ரேவதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த எரிகல் ராத்திரிக்காக பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு பேரும் லீவு வாங்கினார்கள். தனாவுக்குச் சுலபம். ரேவதிக்கு? தோழியைத் தன் இடத்துக்கு வரச் சொல்லி, பதிலுக்குக் காணும் பொங்கலன்று அவளுக்காகத் தான் வேலைக்குப் போவதாக ஒப்புக்கொண்டாள். “கல்லு விழுறத பாக்கறதுக்கா ஆஃப் கேக்கற?” என்று சூப்பர்வைசர் சிரித்தாராம். “ஆமா சார், எங்க வூட்டுக்காரரோட” என்றாளாம்.

சொன்ன நேரத்துக்கு நாங்கள் ஏரிக்கரையில் படுத்திருந்தோம். வானம் அள்ளிக் கொட்டியது. ஆனால் எரிகல் பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருவர் “அதோ!” என்பார். மற்றவர்கள் “எங்கே? எங்கே?” என்று திரும்புவோம். அதற்குள் போயே போய்விடும். பார்த்தவருக்கு மட்டும்தான் அது. நிரூபணம் கிடையாது, பங்கு போட முடியாது. விடியும் வரை “அதோ”, “எங்கே?”, “போச்சு”... இதேதான்.

தனாவைக் காணவில்லை. போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். புது ஜோடி, தூங்கிவிட்டார்கள் என்று நமுட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டோம்.

விடிந்ததும் குரூப்பில் போட்டேன் – ‘நேற்று ராத்திரி திருவிழா! வராதவர்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.’

உடனே போன். தனா.

“சார்... நேத்தா?”

“ஆமாப்பா. பதினாலு அதிகாலைன்னு போட்டிருந்தேனே.”

“அதான் சார். பதினாலு சி ஷிஃப்ட்டு. இன்னிக்கு நைட்டு தானே? நான் இன்னிக்குத்தான் லீவு சொல்லிக்கீறேன். நேத்து நைட்டு டூட்டி சார். போன் லாக்கர்ல இருந்துச்சு. இப்பத்தான் வெளிய வரேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபேக்டரியில் நடுராத்திரிக்குத் தேதி மாறாது. பதினாலாம் தேதி ராத்திரி ஏறுகிற சி ஷிஃப்ட், மறுநாள் விடிந்து இறங்கும் வரை பதினாலுதான். ரிப்போர்ட்டில் பதினாலு, பஸ் லிஸ்ட்டில் பதினாலு. அவன் கணக்கில் பதினாலாம் தேதி விடிகாலை மூன்று மணி இன்னும் வரவே இல்லை! இத்தனை வருஷம் அதே கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட்டில் உட்கார்ந்து, ஐந்தரை மணிக்குப் பையைத் தூக்குகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்திலும் நாள் பிறப்பது சூரியன் உதிக்கும்போதுதான். அந்தக் கணக்குப்படி தனா சரி. தப்பு என் செல்போன் காலண்டர்.

யார் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்? காணும் பொங்கலைக் கொடுத்து வாங்கிய ராத்திரி, காணாமலே போய்விடும் போலிருந்தது.

கீதா மேடத்தைக் கேட்டேன். “உச்சம் முடிஞ்சாச்சு சார். இனிமே சட்டுனு கொறஞ்சிடும். ஒண்ணு ரெண்டு வரலாம், அதுவும் மேகம் வழி விட்டா. ஆசை காட்டாதீங்க. உள்ளதைச் சொல்லிடுங்க.”

வீட்டுக்குப் போயிருந்த தனாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். “இன்னா மாமா, இன்னா சொல்றாரு சாரு?” என்று பின்னால் ரேவதியின் குரல். அப்புறம் போன் கை மாறியது.

“சார், மொத பந்தி முடிஞ்சா போவட்டும். கடைசிப் பந்தில அப்பளமாவது இருக்கும்ல? நாங்க வரோம்.”

அப்புறம் நான் மட்டும் எப்படி வீட்டில் படுப்பது?

அன்று ராத்திரி ஏரிக்கரையில் மூன்றே பேர். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கொசுவத்தி. எங்கள் பக்கத்து வானம் ஒரு விசித்திரம். ஒரகடம் திசையில் கம்பெனி லைட்டுகளால் எப்போதும் பொழுது விடியப் போகிற மாதிரியே ஒரு வெளிச்சம். அதற்கு முதுகைக் காட்டிப் பாயை விரித்தோம்.

“யோவ் மாமா, லீவு சொல்றதுக்கு முன்னாடி எந்த ராத்திரின்னு ஒரு வார்த்த சாரக் கேட்டியா நீ? கல்யாணத்துக்கு மட்டும் எப்படி கரெக்டா வந்து ஒக்காந்த?”

“அது பகல் முகூர்த்தம்மே. ஜெனரல் ஷிஃப்ட்டு.”

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. தனா திடீரென்று, “ரேவதி, தோ!” என்றான்.

“அது மீனம்பாக்கம் போற ஃப்ளைட்டு. எரிகல்லு இண்டிகேட்டர் போடுமா?”

பிறகு ரேவதி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “தோ... போச்சு.” தனா அப்போது குனிந்து கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். ஒன்று பார்த்துவிட்டாளே என்று நான் கைதட்டினேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“நீ பாக்கலியே மாமா.”

“நீ பாத்தல்ல? அது போதும்.”

“இன்னா போதும்? எட்டு மாசமா இதானே? நான் பாத்தத நீ பாக்கல, நீ பாத்தத நான் பாக்கல. அதுக்கு நான் வூட்லயே தூங்கியிருப்பேன்.”

தனா கொசுவத்தியை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்தான். மேகம் வந்தது. போனது. மறுபடி வந்தது. சி ஷிஃப்ட்டில் பழகிய கண்கள், கொட்டாமல் விழித்திருந்தன. என்னுடையது ஜெனரல் ஷிஃப்ட் உடம்பு... எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

“தோ!”

தூக்கிவாரிப் போட்டது. ஒரு குரல் இல்லை. இரண்டு குரல், ஒரே நேரத்தில். பாயில் மல்லாந்து கிடந்த இரண்டு பேரின் கையும் வானத்தில் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. “எங்கே?” என்று அவன் அவளைக் கேட்கவில்லை. அவளும் அவனைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

கேட்டவன் நான் ஒருத்தன்தான். தூக்கக் கலக்கத்தில், வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி!