முப்பத்தேழாம் எண் காளை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மணல்மேடுகளில் அண்ணனோடு சேர்ந்து மாடு வளர்க்கும் வெர்லா ஹுசிகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிடிவாதத்துக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

அந்த மார்ச் மாதக் காளை ஏலத்தில், மற்றவர்கள் வேலியில் சாய்ந்தபடி, குளிப்பாட்டி மயிர் கத்தரித்து நிறுத்தியிருந்த காளைகளின் தொடையை மெச்சிக்கொண்டிருந்தார்கள். வெர்லா வண்டிக்குள் உட்கார்ந்து ஏலப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். காளையின் மரபணுவைச் சோதித்து, அதன் கன்றுகளின் இறைச்சி எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் எண்கள் அதில் இருந்தன. சதைக்குள் மெல்லிய இழையாகக் கொழுப்பு ஓடினால்தான் இறைச்சிக்கு நல்ல தரம், நல்ல விலை. அதில் முப்பத்தேழாம் எண் காளைக்குத்தான் முதலிடம். நேரில் போய்க் காலும் குளம்பும் பார்த்தாள். பழுதில்லை. ஆனால் ஆள் சோப்ளாங்கி.

அண்ணன் டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடி இது, கன்னுக்குட்டிய காளைன்னு நிறுத்தியிருக்கான்?"

"நம்ம மாட்டை எவனும் அழகுப் போட்டிக்கு வாங்கலண்ணே. அறுத்துத் தொங்கவிட்டு, உள்ள பாத்துத்தான் தரம் போடறான். போன தடவை பாதிகூட மேல்தரம் தேறல. எல்லாம் நீ கண்ணால அளந்து வாங்கின காளையோட கன்னுங்க!"

டுவேனுக்குச் சுருக்கென்றது. "சரி, வாங்கு. இதோட கன்னுங்களும் தேறலன்னா, அப்புறம் காளை விஷயத்துல நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி," என்றாள். முப்பத்தேழாம் எண்ணை ஏலம் கூவியதும் கையைத் தூக்கினாள். போட்டிக்கு யாருமில்லை.

கன்றுகள் பிறந்தன. சின்னதாக இருந்தன. காபிக் கடையில், "உன் முயல்குட்டிங்க எப்படி இருக்கு?" என்று கேட்காத ஆளில்லை. வெர்லாவுக்கு உள்ளூரப் பயம்தான். இளங்காளை, அதன் கன்று ஒன்றுகூட அதுவரை அறுபட்டதில்லை, எண் பொய்த்தும் போகலாம். டுவேன் காளையை விற்றுவிடச் சொன்னபோது, "தரச்சீட்டு வரட்டும். அதுவரைக்கும் அவனைத் தொடாதே," என்றாள்.

காளை வாங்கி இரண்டரை வருடம் கழித்து இறைச்சி ஆலையிலிருந்து சீட்டு வந்தது. நாற்பதில் முப்பத்து மூன்று மேல்தரம். வெர்லா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். டுவேன் சீட்டை இரண்டு முறை படித்தான். பிறகு வேலி கட்டப் போய்விட்டான்.

அடுத்த மார்ச் ஏலத்தன்று டுவேன் வேலிப் பக்கமே போகவில்லை. வண்டிக்குள் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் யாரும் பார்த்திராத மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, ஏலப் புத்தகத்தைப் பிரித்தான்.

"எந்தப் பக்கம்டி?" என்றான்.