டீச்சர் தேர்ந்தெடுத்த சோதனை

மரம்போல முறுக்கிய செம்புக் கம்பி, தண்ணீராய்த் தெளிந்திருந்த கரைசலுக்குள் இறங்கிய சற்று நேரத்தில் அதன் கிளைகளில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள் அரும்பத் தொடங்கின. வகுப்பில் ஒரு செருமல்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் முழுக்க வெள்ளி பூத்தது. அடியில் கரைசல் மெல்ல நீலமானது. ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, மேசைக்கே வந்து குனிந்து பார்த்தார். எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெயித்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன். எதில் ஜெயித்தார் என்பது எனக்குத் தெரியவே பல வருடங்கள் ஆயின.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் வேதியியல், நான் இயற்பியல். என்னைவிடச் சில வருடம் மூத்தவர். பாலவனத்தத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வருவோம். அதிகாரி வருகிறார், பார்த்ததும் அசந்துபோகிற மாதிரி ஏதாவது செய்துகாட்டுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னதிலிருந்து பஸ்ஸில் எங்களுக்கு வேறு பேச்சில்லை. பெர்மாங்கனேட்டில் கிளிசரினை விட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தலைமையாசிரியை மறுத்துவிட்டார். பட்டாசு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படித்த பள்ளி. நெருப்பு அங்கே வேடிக்கையில்லை. வெள்ளி மரம் செய்யலாமே என்று நான் கேட்டதற்குக் கெமிஸ்ட்ரி டீச்சரே ஒப்பவில்லை. சில்வர் நைட்ரேட் விலை கூடியது. பழுப்பு பாட்டிலில் கொஞ்சம்தான் இருக்கிறது. அது செய்முறைத் தேர்வுக்கு வேண்டும். கடைசியில் அம்மோனியா நீரூற்று என்று முடிவானது. குடுவைக்குள் தண்ணீர் தானே ஏறி இளஞ்சிவப்பாகப் பீய்ச்சும். புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம். குறையே இல்லை.

வியாழக்கிழமை மதியம் ஆசிரியர் அறைக்கு பிளஸ் டூ மாணவி ஒருத்தி வந்தாள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மகள். வேதியியலில் அவள்தான் முதல். கெமிஸ்ட்ரி டீச்சரிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராக டீச்சர். அமைஞ்சா பரீட்சைக்கு அனுப்ப மாட்டாகளாம்.” டீச்சர் அவளை வகுப்புக்கு அனுப்பிவைத்தார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் என்னிடம், “நீரூத்து வேண்டாம் டீச்சர். வெள்ளி மரமே வச்சுக்குவோம். அந்தப் பிள்ளையே செய்யட்டும்” என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ நெருடியது. அந்த பாட்டிலை யாரையும் தொட விடாதவர் அவர். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கறுத்துவிடும், கழுவினாலும் போகாது. வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் செய்துகாட்டிய வகுப்பு முடிந்து, “கை கழுவிட்டு வாரேன் டீச்சர்” என்று அந்தப் பெண் கேட்டபோது அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: “தண்ணி அப்புறம். மொதல்ல வெளிய போயி வெயில்ல நின்னு காயவை.”

திங்கட்கிழமை காலை கடைக்காரர் தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார். கெமிஸ்ட்ரி டீச்சரையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

“எம்மக கையில என்னத்தப் பூசி விட்டீக? விரலெல்லாம் கருகருன்னு இருக்கு. மாப்ள வீட்டுக்காரவுக ஏதோ தோல் வியாதின்னு பலகாரத்தக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாக.”

கெமிஸ்ட்ரி டீச்சர் பதறவில்லை. ஆய்வகத்துக்குப் போய்க் கரைசல் எடுத்து வந்தார். தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெயிலில் நீட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. “இது வியாதியில்ல அண்ணாச்சி. தோல் உரியையில தானாப் போயிரும்.”

கடைக்காரர் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். “வியாதி இல்லைங்கிறத நம்புறேன். தெரியாமப் பட்டுச்சுங்கிறத நம்பல. இத்தனை பிள்ளைக இருக்கையில எம்பிள்ளையத்தான செய்யச் சொல்லிருக்கீக?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் அங்கதான இருந்தீக. இவுக வேணும்னு செஞ்சாகளா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினேன். கெமிஸ்ட்ரி டீச்சர் அந்தத் தயக்கத்தைக் கவனித்தார்.

மறுநாள் பஸ்ஸில் அவர் முன் சீட்டுக்கு மாறிவிட்டார். வேண்டுமென்றே செய்தது என்று கடைக்காரரிடம் நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு பெண்ணின் கையைத் தெரிந்தே கறையாக்கியவர் என்று எனக்குச் சந்தேகம். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வரன் திரும்பி வரவில்லை. அவள் பரீட்சை எழுதினாள். கடைக்காரர் மேலிடத்தில் கொடுத்த புகாரில் டீச்சரை நரிக்குடிப் பக்கம் மாற்றினார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் போய்ச் சேர முடிகிற தூரம். அவர் கிளம்பிய நாளில் நான் போய்ப் பார்க்கவில்லை. கல்யாணமாகி நான் அருப்புக்கோட்டைக்கே குடிவந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், பிரஷர் மாத்திரை வாங்கப் போன மருந்துக் கடையில் கல்லாவில் இருந்தவள் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். அந்தக் கடைக்காரர் மகள். பி.பார்ம் படித்துச் சொந்தமாகக் கடை வைத்திருந்தாள். பேச்சு அந்தக் கறைக்கு வந்ததும் சிரித்தாள்.

“கெமிஸ்ட்ரி டீச்சர் பாவம், எனக்காகப் பழி சுமந்தாக. விரல்ல பட்டா ரெண்டு வாரம் போகாது, பாத்துப் பிடின்னு சொல்லித்தான் குடுத்தாக. அவுக திரும்பி நின்னு அதிகாரிகிட்டப் பேசையில நாந்தான் வேணும்னே விரல முக்குனேன். அவுகளுக்குத் தெரியவே தெரியாது.”

மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பாலவனத்தம் பஸ் ஏறினேன். வெயிலில் நில் என்றவருக்கா தெரியாது?

கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாங்க என்று மட்டும் சொன்னார். அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கேட்டு முடித்ததும் அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“நான் பாக்கலன்னா நெனச்சுக்கிட்டிருக்கு அந்தப் பிள்ள? எனக்கு முன்னால கண்ணாடி அலமாரி இருந்துச்சே. அவ விரல முக்குனது அதுல அப்படியே தெரிஞ்சுச்சு. கழுவிட்டா வீணாப் போயிருமேன்னுதான் வெளிய அனுப்புனேன்.”

“அப்ப, வியாழக்கெழம நீரூத்த மாத்துனது?”

“அம்மோனியா நாத்தம் அதிகாரிக்கு ஒத்துக்கிராதுன்னுதான்.”

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் காப்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும், கடைசி பஸ் போகும்வரை.